துரை சொன்னதாக நான் சொன்னது

பயணிகளை எப்படித் திருப்திப்படுத்துவது என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். பதுளை ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஏழெட்டுப் பேரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்து அனுப்பிய கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயில் வந்து நின்றதும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, இறங்குகிறவரின் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். அந்தக் கைகளெல்லாம் ஒரு தாளில் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கின்றன. அந்த மட்டில் சந்தோஷம்.

துன்ஹிந்தை அருவிக்கு எந்த நேரத்தில் போனால் வெயில் சரியாக விழும், முத்தியங்கனை விகாரையில் செருப்பை எங்கே கழற்றச் சொல்ல வேண்டும், எந்தத் தங்குமிடத்துச் சமையல்காரன் மிளகாயை அள்ளிக் கொட்டுவான் என்பதெல்லாம் நீங்களே ஒரு மாதத்தில் படித்துக்கொள்ளக்கூடிய விஷயம். அதற்குக் கிழவன் ஒருவன் பேனாவைப் பிடிக்க வேண்டியதில்லை. நான் எழுதப்போவது, என் வேலைக்காலத்தில் முழுக்க முழுக்கத் திருப்திப்படுத்தி அனுப்பிய ஒரு பயணியைப் பற்றி. விடைபெறும்போது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வீட்டில்கூட இதை நான் சொன்னதில்லை.

எங்கள் குடும்பம் பதுளைக் கடைவீதியில் புடவை வியாபாரம் செய்தது. அப்பா இராமநாதபுரத்துப் பக்கம் இருந்து வந்தவர். நான் கடையில் உட்கார்ந்தால், புடவை வாங்க வந்தவர்கள் கதை கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். "ஒனக்கு வாய்தான்டா சரக்கு, துணி இல்ல" என்று ஒருநாள் அப்பா என்னைக் கடையை விட்டே இறக்கிவிட்டார்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து பதுளைக்குக் குதிரை வண்டி. வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பேசியே நான் கைடு ஆனேன். முதலில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பிறகு இந்தியாவில் இருந்து வர ஆரம்பித்தார்கள். சென்னைப் பட்டணத்து வக்கீல்கள், ரங்கூனில் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், கதிர்காமம் போன கையோடு மலையையும் பார்த்துவிடலாம் என்று ஏறி வருகிறவர்கள். அவர்களுக்கு இது பக்கத்து நாடு. விகாரையையும், படிப்படியாக இறங்கும் நெல்வயலையும், வெள்ளை உடுத்துப் பூத்தட்டோடு போகும் சிங்களப் பெண்களையும் முதல்நாள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இரண்டாம் நாள் தவறாமல் அந்தக் கேள்வி வரும். "நம்ம ஜனங்க இங்க தோட்டத்துல எப்படி இருக்காங்க? அதைப் பார்க்கணுமே."

தோட்டத்துக்குள் நினைத்தபடி யாரும் நுழைய முடியாது. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் கடிதம் வேண்டும். அதை வாங்கக்கூடிய கைடு பதுளையில் அப்போது நான் ஒருவன்தான். அந்தக் கர்வத்தில் ஒரு கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டேன். கடிதங்களை அந்தக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, தேவையில்லாத இடத்திலும் எடுத்து விரித்துக் காட்டுவேன்.

கடிதத்தை விட வேகமாக வேலை செய்கிற ஒன்றை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். "துரை சொன்னார்" என்ற இரண்டு சொல். கேட்டுக்குக் குறுக்கே போட்ட மரம் தூக்கப்பட வேண்டுமா? துரை சொன்னார். எதிரே வரும் மாட்டு வண்டி ஓரம் ஒதுங்க வேண்டுமா? துரை சொன்னார். பயணிக்குத் தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பக்கத்தில் நின்று காட்ட வேண்டுமா? அதற்கும் அவரே சொன்னார். பாவம், அந்தத் துரைமார் தூங்கும் நேரத்தில்கூட என் வாய் வழியாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிக் கேட்டதில்லை. யார் போய்க் கேட்பது? நானும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. தொழிலில் ஒரு வசதி என்று நினைத்தேன்.

நான் சொன்ன பயணி பட்டணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் வாத்தியார். மெலிந்த மனிதர். பண்டாரவளையில் இறங்கும்போதே கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு தும்மினார். கூட ஒரு பாட்டுப்பெட்டி கொண்டுவந்திருந்தார். ஊமத்தம்பூ போலக் குழல் வைத்த பெட்டி. குழலுக்குள் வாயை வைத்துப் பாடினால், உள்ளே சுற்றுகிற மெழுகு உருளையில் பாட்டுப் பதிந்துவிடும். பிறகு திருப்பிப் போட்டால் அதே குரல் பேசும். வெற்றிலை மடித்துப் போட்டு மெல்லுகிற நேரம்தான் ஓர் உருளை பிடிக்கும். கடல் கடந்து வந்த தமிழர்கள் இங்கே என்ன பாடுகிறார்கள் என்று சேகரித்து ஒரு புத்தகம் எழுதுவது அவருடைய ஆசை.

ஹல்துமுல்லைச் சாலையில் ஒரு வண்டிக்காரனின் பாட்டு, பதுளையில் ஒரு கும்மி, ஒரு தாலாட்டு என்று நான் பிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "புத்தகத்துல உங்களைப் பத்தி எழுதுவேன். பட்டணத்துல இருந்து வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் தேடி வருவாங்க, பாருங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார், "ஒப்பாரி மட்டும்தான் கிடைக்காது. அது துக்கத்துல வர்றது. போய்க் கேட்கிறதே முறையில்லை." அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததில் அவருக்குப் பங்கு இல்லை.

மறுநாள் அவரை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ஸ்பிரிங்வெளிப் பாதையில் போய் மேலே பிரிகிற தோட்டங்களில் ஒன்று. பேர் வேண்டாம். துரையின் கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. சுற்றிப் பார்க்கலாம். படம் எடுப்பது, பாட்டு எடுப்பது எல்லாம் ஓய்வு நேரத்தில். வேலைக்காரர்களை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தி வைக்கக்கூடாது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற மேட்டு லயத்தை நெருங்கும்போதே தப்பு மேளம் கேட்டது. அடிக்கிற விதத்திலிருந்தே சாவு மேளம் என்று தெரிந்தது. முதல்நாள் சாயங்காலம் ராக்கன் என்று ஓர் ஆள் நெஞ்சுச் சளியில் செத்துப்போயிருந்தான். அவன் குடியிருந்த ஒற்றை அறை, லயத்துக் காம்பிராவின் வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். நடுவில் அவன் பெண்சாதி. மூக்காயி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. அவள் குரல் மட்டும் மற்றக் குரல்களுக்கு மேலே தனியாக எழுந்து போயிற்று.

"கொழுந்துக் கூடை எறக்குமுன்னே - என் ராசாவே
கொரல் கொடுத்துக் கூப்பிடுவீக
மேட்டு லயத்து வாசலிலே - நான்
மெத்தக் கூப்பிட்டும் பேசலையே"

வாத்தியார் ஐயா சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டார். கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து அழுகையாக மாறுகிறவரை அசையவில்லை. "என்ன குரல் இது" என்றார் மெதுவாக. பிறகு பெட்டியைத் தூக்கி வந்த கூலியாளைத் திரும்பிப் பார்த்தார். "கொண்டுவந்தும் பிரயோசனமில்லை. வாங்க, நாம போவோம்."

அவர் முகத்தில் இருந்த அந்த ஏக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. புத்தகத்தில் வரப்போகிற என் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

"நில்லுங்க, நான் கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"வேண்டாங்க. சாவு வீடு."

"உங்க ஊர் மாதிரி இல்லைங்க. இங்க வழக்கம் வேற. வெளியூர்க்காரங்க வந்து ஒப்பாரியைக் கேட்டா அதைப் பெருமையா நினைப்பாங்க."

அப்படி ஒரு வழக்கம் இந்த மலையில் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. நடந்துகொண்டே அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது. வந்தவர் நம்மை நம்புவதற்குக் காரணம், அவருக்கு இந்த இடம் தெரியாது என்பதுதான். அதை வைத்தே நான் அவரை ஏமாற்றினேன்.

லயத்துக்குப் போனேன். மேளக்காரரிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. பிரேதம் எடுக்கிறவரைக்கும் மேளம் நிற்கக்கூடாது என்பது அவர்கள் முறை. குச்சியை ஓட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க நிப்பாட்டச் சொன்னது?"

"துரை சொல்லியிருக்கார்."

மேளம் நின்றது. பெண்கள் தலையைத் தூக்கினார்கள். மூக்காயியும் தூக்கினாள். "தொரையா?" என்றாள்.

"ஆமா, துரைதான் அனுப்பினார். உன் வீட்டுக்காரன் ராக்கன் செத்தது தெரிஞ்சு, அவனுக்காகப் பாடுற பாட்டைப் பெட்டியில எடுத்து வைக்கச் சொன்னார்."

ராக்கன் என்ற பெயர் எனக்குத் தெரிந்து அப்போதுதான் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. துரைக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. நாக்குக் கூசாமல் சொன்னேன்.

அவள் எழுந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பயத்தில் வருகிறாள் என்று நான் நினைத்தேன். நம் ஆட்கள் துரை என்றால் பயப்படுவார்கள், அது நமக்கு வசதி என்ற அளவில்தான் என் புத்தி இருந்தது.

லயத்தின் கடைசிக் காம்பிராவுக்கு அப்பால் பெட்டியை வைத்தோம். குழலுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். உருளை சுற்ற ஆரம்பித்தது. அவளுக்குப் பாட்டு வரவில்லை. இரண்டு வார்த்தை சொன்னாள், நிறுத்தினாள். அந்த உருளை வீணாயிற்று. "தனியா வர மாட்டேங்குதுங்க" என்றாள். "பொம்பளைக கட்டிப் பிடிச்சாத்தான் வரும்."

பலர் குரல் சேர்ந்தால் குழலில் பிடிக்காது என்று ஐயா முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். "துரை உன் குரலைத்தான் கேட்டார்" என்றேன் அவள் காதோரம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புருஷனை விட்டுவிட்டு, ஒரு தகரக் குழலைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடி முதலில் இருந்து அழுதாள். உருளை பிடித்துக்கொண்டது.

ஐயா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "சம்மதங்க" என்றேன். இன்னும் ஓர் உருளை எடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான். அவர் போதும் என்றார்.

பாட்டைத் திருப்பிப் போட்டார். குழலில் இருந்து தன் குரல் வருவதைக் கேட்டு மூக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்து, "இத தொர கேப்பாருங்களா?" என்றாள்.

"கேப்பார்" என்றேன்.

"அப்ப இவர் பேரு தொரைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னாள். அவள் எழுந்து வந்தது பயத்தால் அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையை வெட்டி ரோடு போட்ட தன் புருஷனை, பங்களாவில் இருக்கிற மனிதர் ஒருவர் அறிந்து வைத்திருக்கிறார் என்று நம்பி வந்திருக்கிறாள். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயா பக்கத்தில் நின்றார். நான் சொல்லவில்லை.

பெண்சாதி இல்லாமல் பிரேதத்தை எடுக்க முடியாமல் அவர்கள் காத்திருந்ததில் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அடக்கத்துக்காக, ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி பத்து ஆண்களுக்கு மத்தியானம் வரை மட்டும் விடுப்புக் கொடுத்திருந்தார். நாங்கள் பெட்டியை மூடுவதற்கும், அவர்களை மலை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டு ஆள் வருவதற்கும் சரியாக இருந்தது. ஆறு பேர் போய்விட்டார்கள். அதே நேரத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை, உங்களுக்குத் தெரியும், கேட்டு வராது. தப்பைக் காய்ச்ச மூட்டிய நெருப்பு அணைந்தது. தோல் நனைந்து தொங்கிவிட்டது. மேளக்காரர் அடித்துப் பார்த்தார். ஈரத் துணியில் அடித்த மாதிரி சத்தம் வந்தது. குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மிச்சம் இருந்த நாலு பேர் வழுக்கி வழுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். குழிக்குள் தண்ணீர் நின்றது. ஒருவர் இறங்கிக் கையால் இறைத்தார், இறைக்க இறைக்க ஊறியது. அந்தத் தண்ணீருக்குள்தான் ராக்கனை இறக்கினார்கள், மேளம் இல்லாமல். ஐயா குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். இத்தனைக்கும் காரணம் தான் கொண்டுவந்த பெட்டி என்று அவருக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்துப் பண்டாரவளையில் ரயில் ஏறும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்து நாட்டுக்கு வந்து நம்ம ஜனங்க துக்கத்தைக்கூட எவ்வளவு தாராளமா பகிர்ந்துக்கறாங்க! இதை நான் எழுதணும்" என்றார். எழுதினாரா என்று தெரியாது. எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால், ஒரு துக்க வீட்டில் மரியாதை கெட்டு நடந்தவன் என்ற அளவில் நான் நின்றிருப்பேன்.

எட்டாம் நாள் காரியம் கழிந்து இரண்டொரு நாள் இருக்கும். வேறொரு பயணிக் கூட்டத்துக்குக் கடிதம் வாங்க அதே தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் துரை நின்றார். ஒரு பக்கம் பெரிய கங்காணி, முகம் சிவந்து. படிக்குக் கீழே மூக்காயி. அவளோடு பார்வை இல்லாத அவள் மாமியார், மருமகளின் தோளைப் பிடித்தபடி.

என்ன நடந்தது என்று கணக்கப்பிள்ளை என் காதில் சொன்னார். ராக்கன் போனபிறகு அந்தக் காம்பிராவில் இரண்டு பெண்கள்தான் மிச்சம். கடல் கடந்து புதிதாக வந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு அதைக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. லயத்தில் யார் எந்தக் காம்பிராவில் இருப்பது என்பது பெரிய கங்காணி கையில். அவர் கெட்டவர் இல்லை. "வேலைக்கு வா, பாத்துக்கலாம்" என்று மூக்காயிக்குச் சொல்லியும் இருந்தார். அழுது கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பார் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். ஆனால் அவள் அவரிடம் போகவில்லை. கங்காணியைத் தாண்டி நேரே துரையிடம் வந்து நின்றுவிட்டாள். தோட்டத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கங்காணிக்குக் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் வந்தாள். தன் புருஷன் பாட்டை எடுத்து வைக்கச் சொன்ன துரை தன்னைத் தெருவில் விடமாட்டார் என்று நம்பி வந்தாள்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பாட்டு? எந்த ராக்கன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் மூக்காயி என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இந்தா, ஐயாவே வந்துட்டாரு. அவரக் கேளுங்க தொர. தொர சொன்னீங்கன்னு அவருதான் வந்து சொன்னாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். துரை புருவத்தை உயர்த்தினார். "நீ என் பேர் சொல்லிச் சொன்னதா?"

என் கோட்டின் உள்பையில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. அவருக்கு உண்மை தெரிந்தால் இந்தத் தோட்டம் மூடும். இவர் கிளப்பில் மற்றத் துரைமாரிடம் சொன்னால் ஊவா மாகாணத்தில் எல்லாத் தோட்டமும் மூடும். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவளுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தோன்றவில்லை.

"இல்லைங்க துரை. துக்கத்துல இருந்த பொம்பளை. ஏதோ நினைச்சுக்கிட்டிருக்கா."

அவள் நினைத்திருந்தால் லயத்தையே சாட்சிக்கு இழுத்திருக்கலாம். மேளத்தை நிறுத்தியவர் இருந்தார், பெண்கள் இருந்தார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏதோ சின்னப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று கீழே வைப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு துரையின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க தொர. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். என் மேல் இரக்கமா, அருவருப்பா, இல்லை, கோட்டுப் போட்டவன் பேச்சுக்கு முன்னால் தன் பேச்சு நிற்காது என்ற அனுபவமா? தெரியாது. துரை சிரித்துவிட்டு உள்ளே போனார். போகும்போது என் தாளை வாங்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரமே பெரிய கங்காணி காம்பிராவைப் புதுக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். தன்னைத் தாண்டிப் போனவளுக்கு அவர் வேறு என்ன செய்வார்? மூக்காயி மாமியாரை நடத்திக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பார்வை இல்லாத கிழவியோடு அவ்வளவு மலைப்பாதை. அவள் புருஷன் குழி இங்கே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில். அதற்குத் தண்ணீர் தெளிக்கக்கூட ஆள் இல்லை.

நான் "நான்தான் சொன்னேன்" என்று வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடிதங்கள் போயிருக்கும். திரும்பக் கடையில் உட்கார்ந்து புடவை மடித்திருப்பேன். அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இதை உயிர் போகிற நெருக்கடி என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

ஆகவே, தம்பிமாரே, பயணியைத் திருப்திப்படுத்துவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும், அதுதான் கஷ்டம். வருகிறவர் இரண்டு நாளில் போய்விடுவார். அவருக்கு நாம் காட்டுகிறவர்கள் இங்கேயேதான் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடமே கேளுங்கள், உங்கள் சொந்த வாயால், உங்கள் சொந்தப் பெயரில். முடியாது என்று அவர்கள் சொல்லக்கூடிய மாதிரிக் கேளுங்கள். முடியாது என்றால் பயணியிடம் வந்து முடியாதாம் என்று சொல்லுங்கள். அவர் முகம் வாடினால் வாடட்டும். தெரியாத வழக்கத்தைத் தெரிந்ததாகச் சொல்லாதீர்கள். நாம் சொல்வதைத்தான் அவர் தன் நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

இவ்வளவு புத்தி சொல்கிறவன் அதற்குப் பிறகாவது திருந்தினானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

சில வருஷம் கழித்து, ரங்கூனில் இருந்து வந்த ஓர் இளைஞரை ஹல்துமுல்லைச் சாலையில் கூட்டிக்கொண்டு போனேன். கையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம், எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். ஏற்றத்தில் குதிரை களைத்துப்போனதால், அவரை வண்டியோடு விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் நடந்தேன். வளைவில் திரும்பியதும் மேலே சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். எடுத்துக் கொடுத்த குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

மூக்காயி நிமிர்ந்தாள். சாலையில் கறுப்புக் கோட்டோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளிடம் என்னவோ சொன்னாள். அவள் தனக்குப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பாட்டு ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரைக்கும் ஒவ்வொரு குரலாக நின்றது. கைகள் நிற்கவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் வண்டி பின்னால் வந்து சேர்ந்தது. இளைஞர் இறங்கி மேலே பார்த்தார். "இவங்க வேலை செய்யும்போது பாடுவாங்கன்னு கேள்விப்பட்டேனே?" என்றார்.

அவர்கள் எனக்குப் பாடமாட்டார்கள், நான் போனபிறகு பாடுவார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இல்லைங்க" என்றேன். "இந்தப் பக்கத்துல பாடுற வழக்கம் கிடையாது."

அவர் பென்சிலை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.